வெப்ப ஊரில் வீட்டு பீர்: நொதிக்கும்போது சூட்டை அடக்குவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் வீட்டில் பீர் காய்ச்ச ஆரம்பிக்கும் நண்பர்கள் மால்ட் (முளைவிட்ட பார்லி), ஹாப்ஸ் (கசப்பும் மணமும் தரும் பூ) பற்றியெல்லாம் நன்றாகப் படித்துவிட்டு வருகிறார்கள். வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுச் சமையலறையில் 20 லிட்டர் வோர்ட் (ஈஸ்ட் போடுவதற்கு முந்தைய இனிப்பு மால்ட் சாறு) காய்ச்சுவதும் அவர்களுக்குக் கஷ்டமாக இல்லை. அதற்கப்புறம்தான் தடுமாறுகிறார்கள். புத்தகத்தில் '18 முதல் 20 டிகிரியில் நொதிக்க விடவும்' என்று இருக்கிறது. இங்கே பகலில் 31, 32 டிகிரி, இரவில் 25 அல்லது 26. குளிர்காலம் என்று ஒன்று வந்து உதவப் போவதும் இல்லை. அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். எல்லா அளவுகளும் செல்சியஸில். கணக்குகள் எல்லாம் சாதாரண பலம் கொண்ட 20 லிட்டர் ஏல் (18, 20 டிகிரியில் நொதிக்கும் வகை) பீருக்கானவை.

சூடு அதிகமானால் என்னதான் ஆகிவிடும்? சீக்கிரம் நொதித்தால் நல்லதுதானே?

சீக்கிரம் நொதிக்கும், அது உண்மை. 30 டிகிரியில் இரண்டே நாளில் கூட முடிந்துவிடும். ஆனால் அந்த அவசரத்தில் ஈஸ்ட் ஆல்கஹாலோடு சேர்த்து வேறு பலவற்றையும் உண்டாக்கிவிடுகிறது. வாழைப்பழ வாசனை தரும் ஐசோ அமைல் அசிடேட், நகப்பூச்சு அழிக்கும் திரவம் போல மணக்கும் எத்தில் அசிடேட், தொண்டையில் எரியும் ஃபியூசல் ஆல்கஹால்கள் எல்லாம் சூட்டோடு கூடுகின்றன. இட்லி மாவு சித்திரை வெயிலில் ஒரே ராத்திரியில் பொங்கிப் புளித்துப் போவது போலத்தான். பொங்கியது என்னவோ சரி, ருசி நாம் நினைத்தது அல்ல.

இதில் ஃபியூசல் ஆல்கஹாலைத்தான் நான் பெரிய எதிரி என்பேன். வாழைப்பழ வாசனையைக் கூட ஒரு பாணி என்று ஏற்றுக்கொள்ளலாம், ஜெர்மனியின் கோதுமை பீரில் அதை வேண்டுமென்றே வரவழைக்கிறார்கள். ஃபியூசலின் எரிச்சல் அப்படி இல்லை. பாட்டிலில் அடைத்து மாதக்கணக்கில் வைத்திருந்தாலும் அது முழுதாகப் போகாது.

அறையின் வெப்பநிலையைப் பார்க்க வேண்டுமா, பீரின் வெப்பநிலையைப் பார்க்க வேண்டுமா?

பீரின் வெப்பநிலையைத்தான். தவறுகளில் பாதி இங்கிருந்துதான் தொடங்குகிறது. ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னும்போது தானே சூட்டை வெளியிடுகிறது. நம் 20 லிட்டரில் மொத்தமாகச் சுமார் 1000 கிலோஜூல் வெளிவரும். வெளியே போக வழியே இல்லாவிட்டால் பீரை 11, 12 டிகிரி ஏற்றிவிடப் போதுமான சூடு அது. நடைமுறையில் பெரும்பகுதி பாத்திரத்தின் சுவர் வழியாகக் கசிந்துவிடுகிறது. அப்படியும் நொதித்தல் உச்சத்தில் இருக்கும்போது பீர் அறையைவிட 3 முதல் 5 டிகிரி அதிகமாக இருப்பது சகஜம். சுவரில் தொங்கும் வெப்பமானி 28 காட்டினால், உள்ளே ஈஸ்ட் 32இல் வேலை செய்துகொண்டிருக்கலாம்.

ஃபெர்மென்டரின் (நொதிக்க வைக்கும் பாத்திரத்தின்) வெளிப்பக்கம் ஒட்டும் பட்டை வெப்பமானி விலை குறைவானது, ஓரளவு நம்பலாம். பீரின் மட்டத்துக்குக் கீழே இருக்கும்படி ஒட்டுங்கள்.

எத்தனை நாளைக்குக் குளிர்ச்சியாக வைத்திருக்க வேண்டும்? இரண்டு வாரமும் ஐஸ் மாற்றிக்கொண்டே இருக்க முடியாதே?

வேண்டியதில்லை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும்: ஈஸ்ட் போட்ட நேரத்திலிருந்து முதல் 72 மணி நேரம்தான் ருசியைத் தீர்மானிக்கிறது. ஈஸ்ட் பெருகுவதும் வேகமாகச் சர்க்கரையைத் தின்பதும் அப்போதுதான். வேண்டாத வாசனைகளில் பெரும்பகுதி உருவாவதும் அப்போதுதான். உங்களிடம் உள்ள ஐஸ், நேரம், பொறுமை எல்லாவற்றையும் அந்த மூன்று நாளில் செலவழியுங்கள்.

நான்காம் நாளிலிருந்து பீர் மெல்ல மெல்ல 22, 23 டிகிரிக்கு ஏறினால் கெடுதல் இல்லை, நல்லதும் கூட. வெண்ணெய் வாசனை தரும் டயசெட்டிலை ஈஸ்ட் திரும்ப உறிஞ்சிக்கொள்ள அந்தக் கொஞ்சச் சூடு உதவுகிறது. செய்யக் கூடாதது இதற்கு நேர்மாறானது. முதல் இரண்டு நாள் 28இல் விட்டுவிட்டு, பிறகு பதறிப்போய் 18க்கு இறக்கினால், வேண்டாத வாசனை வந்தது வந்ததுதான். குளிர்ந்துபோன ஈஸ்ட் வேலையைப் பாதியில் நிறுத்திவிட்டு அடியில் படுத்துவிடும்.

வோர்ட்டையே 30 டிகிரிக்குக் கீழே இறக்க முடியவில்லை. குழாய்த் தண்ணீரே வெதுவெதுப்பாக வருகிறதே?

செப்புச் சுருளில் குழாய்த் தண்ணீரை ஓடவிட்டுக் குளிர வைக்கும் முறை குளிர்நாடுகளுக்குச் சரி. சிங்கப்பூரில் குழாய் நீர் 28 டிகிரிக்கு அருகில் இருக்கும், அதைவிடக் குளிர்ச்சியாக வோர்ட் ஆகவே ஆகாது. எனவே இரண்டு கட்டமாகச் செய்யுங்கள். கொதிநிலையிலிருந்து 30 வரை குழாய்த் தண்ணீர் போதும். அதற்கப்புறம் ஐஸ்தான்.

எவ்வளவு ஐஸ்? 20 லிட்டரை 30இலிருந்து 20க்கு இறக்கச் சுமார் 840 கிலோஜூல் வெளியேற வேண்டும். ஒரு கிலோ ஐஸ் உருகி 20 டிகிரி வரும்வரை ஏறக்குறைய 420 கிலோஜூலை இழுத்துக்கொள்ளும். அதாவது காகிதத்தில் 2 கிலோ. சுற்றியுள்ள காற்றும் பாத்திரமும் எடுத்துக்கொள்வதைச் சேர்த்தால் 4 கிலோ கையில் இருக்க வேண்டும். சின்ன மோட்டார் பம்பு ஒன்று இருந்தால் ஐஸ் தண்ணீரையே சுருளுக்குள் சுற்றவிடலாம். இல்லாவிட்டால் பாத்திரத்தை ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் இறக்கி, கிருமி நீக்கிய கரண்டியால் உள்ளே கலக்கிக்கொண்டே இருங்கள். கலக்காமல் விட்டால் நடுவில் உள்ள வோர்ட் ஆறவே ஆறாது.

மால்ட் சாறு வாங்கிக் காய்ச்சுபவர்களுக்கு இதைவிடச் சுலபமான வழி இருக்கிறது. 12 லிட்டர் மட்டும் கெட்டியாகக் காய்ச்சுங்கள். முந்தைய நாளே 8 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து, மூடி, ஃப்ரிட்ஜில் 4 டிகிரிக்குக் குளிர வையுங்கள். 30 டிகிரியில் இருக்கும் வோர்ட்டோடு அதைச் சேர்த்தால் மொத்தமும் 19.6 டிகிரிக்கு வந்து நிற்கும். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த வழியைத்தான்.

ஆஸ்திரேலியர்களிடம் பரவலாக உள்ள இன்னொரு முறை, குளிர வைக்காமலே விட்டுவிடுவது. சூடு தாங்கும் பிளாஸ்டிக் கேனில் கொதிக்கக் கொதிக்க வோர்ட்டை ஊற்றி, காற்றைப் பிதுக்கி வெளியேற்றி, இறுக மூடி, ராத்திரி முழுக்க ஆறவிடுவார்கள். மறுநாள் ஃப்ரிட்ஜில் வைத்து 18 டிகிரிக்கு வந்ததும் ஈஸ்ட். 80 டிகிரிக்கு மேல் இருக்கும்வரை ஹாப்ஸிலிருந்து கசப்பு இறங்கிக்கொண்டே இருக்கும் என்பதால் கடைசியில் போடும் ஹாப்ஸைக் குறைத்துக்கொள்ள வேண்டும். கேனை அறைச் சூட்டில் நாட்கணக்கில் போட்டுவைக்காதீர்கள். காற்றில்லாத, புளிப்புக் குறைந்த திரவத்தில் போட்டுலிசம் என்ற கொடிய நோயைத் தரும் விஷம் உருவாக வாய்ப்பு உண்டு. ஓரிரு நாளில் ஈஸ்ட் போட்டுவிடுங்கள்.

30 டிகிரியில் ஈஸ்ட் போட்டுவிட்டு அப்புறம் குளிரவைத்துக்கொள்ளலாம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். ஆறும்வரை காத்திருங்கள். மூடி சுத்தமாக இருந்தால் ஐந்தாறு மணி நேரத்தில் ஒன்றும் ஆகிவிடாது.

தனி ஃப்ரிட்ஜ் வாங்க வீட்டில் இடமில்லை. வேறு வழி?

தண்ணீர்த் தொட்டியும் ஐஸ் பாட்டிலும். பழைய முறை, ஆனால் சரியாகச் செய்தால் அருமையாக வேலை செய்யும். ஃபெர்மென்டரை ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் வைத்து, பீரின் மட்டம் வரை வெளியே தண்ணீர் ஊற்றுங்கள். காற்றைவிடத் தண்ணீர் சூட்டை வேகமாக இழுக்கும். தொட்டியில் அவ்வளவு தண்ணீர் இருப்பதால் வெப்பநிலை திடீரென்று ஏறி இறங்கவும் செய்யாது. 2 லிட்டர் சோடா பாட்டில்களில் கழுத்துக்குக் கொஞ்சம் கீழே வரை தண்ணீர் நிரப்பி ஃப்ரீசரில் உறைய வையுங்கள். முதல் மூன்று நாள் காலையில் இரண்டு, இரவில் இரண்டு என்று மாற்றிப் போடுங்கள். உருகியவை மீண்டும் உறைய நேரம் வேண்டும் என்பதால் எட்டு பாட்டில் சுழற்சியில் இருக்கட்டும்.

பலர் இதைச் செய்து பார்த்துவிட்டு 'ஐஸ் போட்டுக் கட்டுப்படியாகவில்லை' என்று கைவிடுகிறார்கள். காரணம் தொட்டிக்கு மேலுறை போடாததுதான். 2 லிட்டர் பாட்டில் ஐஸ் உருகும்போது சுமார் 600 கிலோஜூலை எடுத்துக்கொள்ளும். ஈஸ்ட் தரும் சூடு மொத்தமே 1000 கிலோஜூல்தான் என்று பார்த்தோம், அதை இரண்டு பாட்டிலே சமாளித்துவிடும். ஆனால் 30 டிகிரி அறையில் 19 டிகிரி தொட்டியைத் திறந்தபடி வைத்தால், அறையிலிருந்து நுழையும் சூடு ஒரே நாளில் அதைப் போலப் பல மடங்கு. ஐஸ் பெரும்பாலும் அறையைக் குளிர்விக்கத்தான் செலவாகிறது! தொட்டியைச் சுற்றியும் அடியிலும் யோகா பாய் அல்லது தெர்மகோல் பலகை, மேலே ஒரு கனமான போர்வை. இவ்வளவு செய்தாலே பாட்டில் எண்ணிக்கை நாளுக்கு நான்கில் அடங்கிவிடும். போர்வை தண்ணீரைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பூஞ்சை பிடித்துவிடும். தொட்டித் தண்ணீரில் சில துளி பிளீச் விட்டுவைத்தால் வாடை வராது.

ஈரத் துணி சுற்றி ஃபேன் வைத்தால் போதும் என்கிறார்களே?

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு போன்ற இடங்களின் வறண்ட கோடையில் போதும். அங்கே துணியிலிருந்து நீர் வேகமாக ஆவியாகும்போது பல டிகிரி இறங்கிவிடும். சிங்கப்பூரின் ஈரக் காற்றில் நீர் சுலபத்தில் ஆவியாகாது. இரண்டு மூன்று டிகிரி கிடைத்தால் அதிகம். ஈரக் காற்று உள்ள ஊர்கள் எல்லாவற்றிலும் இதே கதைதான்.

ஏசி அறையில் வைத்தால்?

பாதி வழி. ஏசி 24இல் ஓடினால் பீர் 27, 28 வரை போகும். பகலில் ஏசியை நிறுத்தினால் அதற்கு மேலும் போகும். ஆனால் ஏசி அறையில் தண்ணீர்த் தொட்டியும் சேர்ந்தால் ஐஸ் தேவை பாதிக்கும் கீழே குறைந்துவிடும். எப்படியும் ராத்திரி தூங்க ஏசி போடும் வீடு என்றால் அந்த அறையின் மூலையைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். பீருக்காக மட்டும் நாள் முழுக்க ஏசியை ஓடவிடுவது வீண் செலவு, அந்தப் பணத்தைச் சேர்த்தால் பழைய ஃப்ரிட்ஜ் ஒன்று வந்துவிடும்.

ஃப்ரிட்ஜ் வாங்கினால் எப்படி அமைப்பது?

பழைய ஃப்ரிட்ஜ் போதும். உள்தட்டுகளை எடுத்துவிட்டால் ஃபெர்மென்டர் நிற்குமா என்று அளந்து பார்த்து வாங்குங்கள். பின்பக்க அடியில் கம்ப்ரசருக்காக இருக்கும் மேடு பலரை ஏமாற்றியிருக்கிறது. ஃப்ரிட்ஜின் சொந்தத் திருகு 10 டிகிரிக்கு மேல் போகாது. அதனால் இங்க்பேர்ட் போன்ற வெளிக் கன்ட்ரோலர் ஒன்றை வாங்கி, அதன் வழியாக ஃப்ரிட்ஜுக்கு மின்சாரம் கொடுக்க வேண்டும். உணரிமுனை சொல்லும் வெப்பநிலையைப் பார்த்து அது ஃப்ரிட்ஜை ஓடவிடும், நிறுத்தும்.

உணரிமுனையை எங்கே வைக்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. காற்றில் தொங்கவிட்டால் காற்று 18 ஆனதும் ஃப்ரிட்ஜ் நின்றுவிடும், பீர் மட்டும் 22இல் இருக்கும். ஃபெர்மென்டரின் சுவரில், பீர் மட்டத்துக்கு நன்றாகக் கீழே, டேப் போட்டு ஒட்டி, அதன்மேல் ஒரு துண்டு நுரைப்பஞ்சை வைத்து மூடுங்கள். அப்போது அது காட்டுவது ஏறக்குறைய பீரின் வெப்பநிலையே. கன்ட்ரோலரின் வித்தியாச அளவை (எத்தனை டிகிரி ஏறினால் ஃப்ரிட்ஜ் மறுபடி ஓட வேண்டும் என்பதை) 0.5 முதல் 1 டிகிரி வரை வையுங்கள். கம்ப்ரசர் நின்று மறுபடி ஓடுவதற்கு நடுவில் குறைந்தது 5 நிமிட இடைவெளி அமைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அது சீக்கிரம் பழுதாகும்.

இன்னும் இரண்டு விஷயம். மூடிய ஃப்ரிட்ஜில் ஈரம் கோத்துப் பூஞ்சை வரும். ஈரம் உறிஞ்சும் டப்பா ஒன்றை உள்ளே வைத்து, ஒவ்வொரு முறையும் துடைத்து உலர விடுங்கள். அடுத்தது, கடைசியில் பீரை 2 அல்லது 3 டிகிரிக்குக் குளிரவைக்கும்போது உள்ளே வாயு சுருங்கி, ஏர்லாக்கில் (வாயு வெளியேற மூடியில் பொருத்தும் நீரடைப்புக் குழாயில்) உள்ள திரவத்தை உள்ளே இழுக்கும். அந்த நேரத்தில் ஏர்லாக்கில் தண்ணீருக்குப் பதில் வோட்கா ஊற்றிவையுங்கள்.

சூட்டைத் தாங்கும் ஈஸ்ட் இருக்கிறதாமே?

இருக்கிறது. நார்வேயின் மேற்குப் பகுதிப் பண்ணை வீடுகளில் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த க்வைக் ஈஸ்ட்தான் அது. வோஸ் பகுதியிலிருந்து வந்த வகை 35 முதல் 40 டிகிரியில் கூடச் சுத்தமாக, லேசான ஆரஞ்சு வாசனையோடு நொதிக்கும். குளிர்நாட்டு ஈஸ்ட் சூட்டை விரும்புவது வியப்பாகத் தெரியலாம். அங்கே வோர்ட் உடல்சூட்டுக்கு ஆறியதும் ஈஸ்ட் போட்டுவிடும் பழக்கம் இருந்தது, ஈஸ்ட்டும் அதற்கேற்ப ஆகிவிட்டது. சிங்கப்பூரின் அறைச் சூடு அதற்கு இதமானது. கொஞ்சம் ஈஸ்ட் ஊட்டம் சேர்க்க மறக்காதீர்கள், ஊட்டம் குறைந்தால் க்வைக் பாதியில் சோர்ந்துவிடும்.

பெல்ஜியத்தின் சேசான் ஈஸ்ட்களும் 28, 30 டிகிரியில் நன்றாக இருக்கும். மிளகும் பழமும் கலந்த அந்த மணம் சூட்டில்தான் மலர்கிறது. ஆனால் சேசான் வகைகள் பலவற்றுக்கு மற்ற ஈஸ்ட் தொடாத மாவுச்சர்க்கரையையும் மெல்லத் தின்னும் குணம் உண்டு. முழுதாக முடிந்ததை உறுதி செய்யாமல் பாட்டிலில் அடைத்தால் பாட்டில் வெடிக்கும்.

குளிர வைக்க எந்த வசதியும் இல்லையா? சாதாரண ஏல் ஈஸ்ட்டை வைத்துப் போராட வேண்டாம். க்வைக்கில் தொடங்குங்கள்.

லாகர் செய்ய முடியுமா?

முறையான லாகருக்கு 8 முதல் 13 டிகிரியில் நொதித்தலும், அப்புறம் உறைநிலைக்கு அருகில் பல வாரங்களும் வேண்டும். ஜெர்மனியின் பவேரியாவிலேயே 1553இல் கோடைக்காலத்தில் பீர் காய்ச்சக் கூடாது என்று ஆணை போட்டார்கள். செப்டம்பர் 29 முதல் ஏப்ரல் 23 வரைதான் அனுமதி. 1870களில் கார்ல் வான் லிண்டேவின் குளிரூட்டும் இயந்திரம் வந்த பிறகுதான் பருவத்தின் கட்டு அவிழ்ந்தது. சிங்கப்பூரின் டைகர் பீர் 1932இல் வந்ததும் அத்தகைய இயந்திரங்களின் புண்ணியத்தில்தான்.

வீட்டில் ஃப்ரிட்ஜும் கன்ட்ரோலரும் இருந்தால் தாராளமாகச் செய்யலாம். இன்னொரு வழி அழுத்தத்தில் நொதிக்க விடுவது. 34/70 என்ற லாகர் ஈஸ்ட்டை 18, 20 டிகிரியில், 0.7 முதல் 1 பார் அழுத்தத்தில் விட்டால் பழவாசனை அடங்கி, லாகருக்கு மிக அருகில் வரும். இதற்கு அழுத்தம் தாங்கும் என்று குறிப்பிட்ட கலனும் அழுத்தத்தை வெளிவிடும் வால்வும் கட்டாயம். கண்ணாடி ஜாடியில் இதை ஒருபோதும் முயலக் கூடாது, வெடித்தால் உயிருக்கே ஆபத்து.

வெளியில் போயிருந்தபோது பீர் 29 டிகிரிக்கு ஏறிவிட்டது. கொட்டிவிடவா?

வேண்டாம். எப்போது ஏறியது என்று பாருங்கள். ஐந்தாம் நாள் என்றால் கவலையே இல்லை. முதல் நாள் என்றால் பழவாசனை கூடுதலாக இருக்கும், கொஞ்சம் எரிப்பும் இருக்கலாம். எதுவானாலும் பதறிப்போய் 18க்கு இழுக்காதீர்கள். 22, 23இல் நிலைநிறுத்தி முடிய விடுங்கள். பச்சை ஆப்பிள் வாசனை இருந்தால் இன்னும் சில நாள் ஈஸ்ட் மேலேயே விட்டுவைத்தால் பெரும்பாலும் குறையும். ருசி பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

இரண்டாம் நாளே ஏர்லாக்கில் குமிழ் நின்றுவிட்டது. முடிந்துவிட்டதா?

குமிழை நம்ப வேண்டாம். மூடி சரியாக இறுகாவிட்டாலும் நிற்கும், பீர் குளிர்ந்தாலும் நிற்கும். பீரின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரில் இரண்டு மூன்று நாள் இடைவெளியில் ஒரே எண் வந்தால்தான் முடிந்தது என்று அர்த்தம். பெரும்பாலான ஹைட்ரோமீட்டர்கள் 20 டிகிரிக்கு அளவிடப்பட்டவை. 30 டிகிரி மாதிரியில் வைத்தால் ஏறக்குறைய 0.0025 குறைத்துக் காட்டும். 1.010 என்று தெரிவது உண்மையில் 1.012, 1.013 ஆக இருக்கும்.

இதெல்லாம் சட்டப்படி சரிதானா?

சிங்கப்பூரில் 18 வயது நிரம்பியவர், தன் வீட்டில், சொந்தப் பயன்பாட்டுக்கு, வீட்டுக்கு மாதம் 30 லிட்டருக்கு மேற்படாமல் காய்ச்சலாம். விற்கக் கூடாது, காய்ச்சி வடிக்கவும் கூடாது. தொடங்கும் முன் சுங்கத்துறையின் இப்போதைய விதிகளை ஒருமுறை பார்த்துவிடுங்கள். தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் மது தயாரிப்பதே குற்றம், வீட்டுக்கு என்றாலும் விலக்கு இல்லை. ஊருக்குப் போகும்போது அங்கே செய்து காட்டலாம் என்று நினைக்காதீர்கள்.

பாட்டிலில் அடைத்த பிறகும் குளிர்ச்சி வேண்டுமா?

முதல் ஒரு வாரம், பத்து நாள் வேண்டாம். பாட்டிலில் வாயு சேர 25 முதல் 28 டிகிரி நல்லதுதான், குளிர்நாட்டுக்காரர்களைவிட நமக்குச் சீக்கிரமே சேர்ந்துவிடும். இந்தக் கட்டத்தில் ஈஸ்ட் தின்பது கொஞ்சம் சர்க்கரை மட்டுமே என்பதால் ருசி கெடாது. சர்க்கரை அளவைக் கணக்கிடும்போது, நொதித்து முடிந்த பின் பீர் தொட்ட உச்ச வெப்பநிலையைக் கணக்கில் எடுங்கள். சூடான பீரில் ஏற்கெனவே கரைந்திருக்கும் வாயு குறைவு.

ஒரு பாட்டிலைத் திறந்து பார்த்து வாயு போதும் என்று தெரிந்ததும் எல்லாவற்றையும் ஃப்ரிட்ஜுக்கு மாற்றுங்கள். அறைச் சூட்டில் ஹாப்ஸ் மணம் வாரக்கணக்கில் மங்கி, ஈர அட்டைப்பெட்டி போன்ற வாடை வந்துவிடும். இடம் போதாவிட்டால் ஹாப்ஸ் அதிகமுள்ளவற்றை முதலில் உள்ளே வையுங்கள். கருத்த, பலமான ஸ்டவுட் வகைகள் கட்டிலுக்கு அடியில், இருட்டில், இன்னும் கொஞ்ச நாள் தாங்கும்.